முக்கில் நின்றவள்

இந்த பைக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். கடைசி ஆள் வரும்வரை முக்கை விட்டு நகரக் கூடாது.

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், முன்னால் போகிற லிண்ட்சே வேகத்தைக் குறைத்து இடது கையால் தரையைக் காட்டுவான். அவனுக்கு அடுத்து வருகிற ஆள் அங்கேயே பைக்கை நிறுத்திவிட்டு, பின்னால் வருகிறவர்களுக்கு எந்தப் பக்கம் என்று கை காட்ட வேண்டும். எல்லோருக்கும் கடைசியாக ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டு டல்லாஸ் வருவான். அவனைக் கண்ணால் பார்த்த பிறகுதான் முக்கில் நிற்கிற ஆள் கிளம்பலாம். இப்படி ஓட்டினால் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. செம்மண் தூசிக்குள் ஆளுக்கு அரை கிலோமீட்டர் இடைவெளி விட்டு அவரவர் இஷ்டத்துக்குப் போகலாம். முக்கில் ஆள் நிற்கும் என்ற நம்பிக்கை ஒன்று போதும்.

அந்த நம்பிக்கையைத்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நோலீன் உடைத்திருந்தாள்.

அன்றைக்கு வென்லாக் ஆற்றுக்குத் தெற்கே ஒரு பிரிவில் அவள் நின்றாள். காலம் தப்பின மழை ஒன்று கறுத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் தூசிக்குள்ளிருந்து ஓர் ஆரஞ்சுச் சட்டை வந்தது, கையை ஆட்டியது. நோலீன் கிளம்பிவிட்டாள். வந்தது டல்லாஸ் இல்லை. வேறு ஊரிலிருந்து வந்த வேறு கூட்டத்தின் கடைசி ஆள். கால் மணி நேரம் கழித்து நிஜமான டல்லாஸ் வந்தபோது முக்கு காலியாகக் கிடந்தது. அவன் தப்பான பக்கம் திரும்பி, முப்பது கிலோமீட்டர் போய், மழை அறுத்த பள்ளத்தில் விழுந்து, தோள் எலும்பு முறிந்து ஒரு ராத்திரி முழுவதும் தனியாகக் கிடந்தான். காலையில் வனக்காவலர் ஒருவர் கண்ணில் பட்டதால் பிழைத்தான்.

அதற்குப் பிறகு சொந்த ஊரான மரீபாவில் நோலீனுக்குப் பேர் 'ஆரஞ்சு' என்று ஆகிவிட்டது. பெட்ரோல் பங்கில், கறிக்கடையில், அவள் ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகள் வாயில்கூட அதுதான். கேலிக்கு அவள் வருத்தப்படவில்லை. அந்த ஊரில் கேலி பண்ணாமல் விட்டால்தான் பயப்பட வேண்டும். ஆனால் இருபது வருஷம் கூட ஓட்டினவர்கள், அடுத்த வருஷப் பயணத்துக்கு அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டு வந்தார்கள். அது உள்ளே போய்க் குத்தியது. ஐம்பத்தேழு வயதில் புதுசாக ஒரு கூட்டத்தைத் தேடிப் போக முடியாது.

இந்த வருஷம் அவளாகவே லிண்ட்சே வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அவன் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் விடுவான். ரொம்ப நேரம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"வா," என்றான். "ஆனா ஒரு முக்கை விட்டாலும் உன் பைக் எலையாவோட ட்ரக்ல ஏறிடும். முனைக்கு நீ மூட்டையோட மூட்டையாத்தான் வந்து சேருவ."

நாட்டின் வடக்கு முனையைத்தான் அவன் சொன்னான். அதற்கு மேல் நிலம் கிடையாது, கடல்தான். அந்த முனைக்குத் தன் இரண்டு சக்கரத்தில் போய்ச் சேர வேண்டும், இவர்கள் நடுவில் நிமிர்ந்து நிற்க வேண்டும். நோலீனுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. சரி என்று தலையாட்டினாள்.

ஆறு பைக், ஒரு ட்ரக். வெர்ன், கிளைட் என்று அண்ணன் தம்பி இருவர். தினமும் காலையில் நோலீனின் சீட்டில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி டீ குடிப்பார்கள். அவள் அவர்கள் எதிரிலேயே அதை உரித்துத் தின்றுவிட்டுத் தோலை அவர்கள் பூட்ஸுக்குள் போடுவாள். ப்ரூ என்கிற நர்ஸுக்கு இதுதான் முதல் பயணம். ட்ரக் ஓட்டுகிற எலையா வடக்கே பமாகாக்காரன், தீவு ஜனம். வயதில் மூத்த பெண்களை அவர்கள் வழக்கப்படி ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவான். டல்லாஸ் மட்டும் கேலியும் செய்யவில்லை, பேசவும் இல்லை. ஐந்து நாளில் அவளிடம் அவன் சொன்னது ஒரே வார்த்தை. "பெட்ரோல்."

ஆறாம் நாள் காலை பழைய தந்திப் பாதைக்குள் இறங்கினார்கள். ஒரு காலத்தில் தந்திக் கம்பி போன தடம் அது. ஓடைக்கு மேல் ஓடை, ஒன்றுக்கும் பாலம் கிடையாது. ட்ரக் அதில் வராது என்பதால், பெரிய சாலையில் சுற்றிக்கொண்டு போய் ஜார்டின் ஆற்றுப் படகுத்துறையில் காத்திருப்பதாக எலையா சொல்லிவிட்டுப் போனான். வண்டிகளை ஏற்றிக் கரை கடத்துகிற படகு ஐந்து மணியோடு சரி. அதற்குள் வந்தால் ராத்திரி அவன் அம்மா கையால் சாப்பாடு, இல்லாவிட்டால் இக்கரையில் டின் பீன்ஸ்.

பத்தரை மணிக்கு ஒரு பிரிவில் லிண்ட்சே கையை இறக்கித் தரையைக் காட்டினான். அடுத்து வந்தவள் நோலீன். நிறுத்தினாள். ப்ரூ போனாள். வெர்ன் போனான். கிளைட் போகும்போது கட்டைவிரலால் பின்பக்கம் காட்டினான், டல்லாஸ் வருகிறான் என்று.

டல்லாஸ் வரவில்லை.

அரை மணி ஆயிற்று. ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினாள். ஆள் உயரக் கரையான் புற்றுகளைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஈ காதுக்குள் புகுந்தது. பச்சை எறும்பு ஒன்று கழுத்தில் கடித்தது. பிடித்துப் பின்பக்கத்தைக் கடித்துத் துப்பினாள், எலுமிச்சை மாதிரி புளித்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. பாதையில் காது வைத்துக் கேட்டுப் பார்த்தாள். இன்ஜின் சத்தம் இல்லை.

பெரிய சாலையிலிருந்து வருகிற குறுக்குத் தடம் ஒன்று சற்றுத் தள்ளிப் பாதையில் சேர்ந்தது. அதன் வழியாக ஒரு ஜீப்பில் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் வந்தார்கள். நோலீன் கையைக் காட்டி நிறுத்தி, ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆளை வழியில் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

"பாத்தோமே," என்றாள் அந்தப் பெண் சந்தோஷமாக. "பெரிய ரோட்ல வடக்க பறந்துக்கிட்டு இருந்தாரு. எங்களுக்குக் கைகூட ஆட்டினாரு."

நோலீனின் மார்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கின வேகத்திலேயே திரும்ப ஏறியும் கொண்டது. கை ஆட்டின ஆரஞ்சுச் சட்டை ஒன்றை அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

பன்னிரண்டு மணிக்கு லிண்ட்சே திரும்பி வந்தான், கூடவே வெர்ன். மற்றவர்கள் அடுத்த ஓடைக்கரையில் காத்திருந்தார்கள். ஜீப்காரர்கள் அவர்களிடமும் அதையே சொல்லியிருந்தார்கள். டல்லாஸுக்குத் தோள் வலித்திருக்கும், குறுக்குத் தடத்தில் ஏறிப் பெரிய சாலைக்குப் போயிருப்பான், இந்நேரம் எலையாவோடு உட்கார்ந்து குளிர்ந்த பியர் குடித்துக்கொண்டிருப்பான் என்று லிண்ட்சே கணக்குப் போட்டிருந்தான். கிளம்பச் சொன்னான்.

"சட்டையைப் பாத்தாங்க," என்றாள் நோலீன். "மூஞ்சியப் பாத்தாங்களா?"

"இந்தக் காட்டுல எத்தனை ஆரஞ்சு சட்டை இருக்கப் போகுது?"

"அதை என்கிட்டயா கேக்குற?"

வெர்ன் சிரித்துவிட்டு, லிண்ட்சேயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். லிண்ட்சேக்குக் கோபம் ஏறியது. படகு போய்விடும் என்றான். முன்னால் போகிறவன் சொன்னால் கேட்க வேண்டும் என்றான். பத்தொன்பது வருஷமாகத் தான் சொல்லித்தான் இந்தக் கூட்டம் நகர்கிறது என்றான். இவ்வளவையும் அவள் கேட்டுக்கொண்டு புற்று மாதிரி நின்றாள். அவன் பேச்சை மீறினால் அடுத்த வருஷமும் இல்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவன் பேச்சைக் கேட்டு, டல்லாஸ் பின்னால் எங்கேயோ கிடந்தானென்றால், அதற்குப் பிறகு தன் மூஞ்சியைத் தானே பார்க்க முடியாது என்பதும் தெரியும்.

"நான் கடைசி ஆளைப் பாக்கல லிண்ட்சே. பாக்காம நகர மாட்டேன். நீதான் சொன்ன."

"நின்னுக்கிட்டே இருந்தா வந்துடுவானா?"

"வர மாட்டான். அதனால நான் பின்னால போய்ப் பாக்குறேன். முக்கு காலியா இருக்கக் கூடாது. நீ நில்லு."

"நானா?"

"அவன் வேற வழியா வந்தாலும் வருவான். ஆள் வேணும்ல. நில்லு."

பத்தொன்பது வருஷத்தில் லிண்ட்சே ஒரு முக்கில்கூட நின்றதில்லை. முன்னால் போகிறவனுக்கு அந்த வேலை கிடையாது. அதைச் சொல்ல வந்தான். நோலீன் அதற்குள் ஹெல்மெட்டை மாட்டியிருந்தாள். பெட்டியில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை அவன் கையில் திணித்துவிட்டு, பச்சை எறும்பு இருக்கிறது, மரத்தடியில் நிற்காதே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வெர்ன் மற்றவர்களிடம் சேதி சொல்ல வடக்கே போனான்.

முந்தின முக்கு வரைக்கும் பின்னால் பதினோரு கிலோமீட்டர், நடுவில் இரண்டு ஓடை. ஏறி வந்த கரைகள் இப்போது இறங்குகிற கரைகள் ஆகிவிட்டன. முதல் ஓடையின் களிமண் சரிவு வீட்டுக் கூரை மாதிரி நின்றது. வழக்கப்படி முதலில் இறங்கி நடந்து பார்த்தாள். தண்ணீர் தொடை வரைக்கும், அடியில் கெட்டி மணல். திரும்பி வந்து, பிரேக்கைத் தொடாமல், கியரை ஒன்றில் போட்டு, உடம்பைப் பின்னால் தள்ளி இறக்கினாள். பைக் வழுக்கியது, தலையை ஆட்டியது, ஆனால் நேராகப் போனது. அந்தக் கரையில் ஏறித் தரையைக் குனிந்து பார்த்தாள். டல்லாஸின் டயர்த் தடம் அங்கே இல்லை. அதற்கும் பின்னால்தான் எங்கேயோ.

இரண்டாவது ஓடையில் இன்ஜினை அணைத்ததும் தண்ணீர் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. கடக்கிற இடத்தில் யாரும் இல்லை. கீழ்ப்பக்கமாக, தாழைப் புதருக்குப் பின்னால், தண்ணீருக்கு மேலே ஒரு ஹேண்டில்பார் நுனி தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் டல்லாஸின் நரைத்த தலை.

பாசி வழுக்கி விழுந்தவனைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்ப் பாறையோடு சாத்தியிருந்தது. கால் பூட்ஸோடு பாறைக்கும் பைக்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. நெஞ்சளவுத் தண்ணீர். பைக் இன்னும் கீழே நகர்ந்து காலை நசுக்காமல் இருக்க, ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி முறுக்கி, ஒரு மர வேரோடு ஹேண்டில்பாரைக் கட்டியிருந்தான். உதவி கேட்கிற கருவி அவன் பையில் இருந்தது. பை தண்ணீருக்குள் இருந்தது. மேல் ஓடைகளுக்கு முதலை வராது என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்கள் யாரும் அதில் இரண்டரை மணி நேரம் நின்று பார்த்தவர்கள் இல்லை.

அவன் உதடு நீலமாகியிருந்தது. அவளைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "லிண்ட்சே எங்க?"

"முக்குல நிக்கிறான்," என்றாள் நோலீன்.

டல்லாஸ் சிரிக்க ஆரம்பித்தான். குளிரில் பல் அடித்துக்கொள்ள, நிறுத்த முடியாமல் சிரித்தான். வாயில் தண்ணீர் போய் இருமினான்.

அவள் இழுவைப் பட்டையை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். ஒரு நுனியை அவன் பைக்கின் முன்கம்பியில் சுற்றி, மறு நுனியைக் கரையில் நின்ற தன் பைக்கில் மாட்டினாள். முதல் தடவை பின்சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கியது. மரக்கிளைகளை ஒடித்துச் சக்கரத்தடியில் போட்டுவிட்டு, க்ளட்சை மயிரிழை மயிரிழையாக விட்டாள். பட்டை விறைத்தது. தண்ணீருக்குள் இரும்பு பாறையில் உரசுகிற சத்தம் கேட்டது. பைக் ஒரு சாண் எழும்பியது. டல்லாஸ் காலை உருவிக்கொண்டு, தவழ்ந்து கரையில் வந்து விழுந்தான். கணுக்கால் பூரி மாதிரி வீங்கியிருந்தது, எலும்பு உடையவில்லை.

பைக்கையும் மெல்ல மெல்ல இழுத்துக் கரையேற்றினார்கள். பிறகு ஒருவரையொருவர் கேட்காமலே வேலையில் இறங்கினார்கள், இருவரும் நூறு தடவை செய்த வேலை. பைக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சைலன்சர் வழியாகத் தண்ணீரை வடித்தார்கள். ப்ளக்கைக் கழற்றி உதைத்தபோது உள்ளேயிருந்து தண்ணீர் பீச்சி அடித்தது. இன்ஜின் ஆயில் பால் விட்ட டீ மாதிரி வந்தது. அதைப் பாட்டிலில் பிடித்து வைத்துவிட்டு, ஆளுக்கு அரை லிட்டர் கொண்டுவந்திருந்த ஆயிலை ஊற்றினார்கள். ஏர் ஃபில்டரை நோலீன் பிழிந்து வெயிலில் காய வைத்தாள்.

ஃபில்டர் காய்கிற நேரத்தில் டல்லாஸ் ஓடையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"முக்குல ஆள் இல்லேன்னா கடைசி ஆள் என்ன பண்ணணும் நோலீன்?"

"அங்கயே நிக்கணும். யாராவது திரும்பி வர்ற வரைக்கும்."

"அன்னிக்கு நான் நின்னேனா?"

இரண்டு வருஷமாக அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை.

"எனக்கு வழி தெரியும்னு ஒரு திமிரு," என்றான். "ஆஸ்பத்திரியிலயே சொல்லணும்னு நெனச்சேன். அதுக்குள்ள எல்லாரும் உன்னை ஆரஞ்சுன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் சொல்ல வசதிப்படல."

அவனை அப்படியே திரும்பவும் ஓடைக்குள் தள்ளிவிடலாமா என்று நோலீன் உண்மையாகவே யோசித்தாள். இரண்டு வருஷம். ஒரு பயணம் முழுசாகப் போனது. பஸ்ஸில் ஏறுகிற குஞ்சு குளுவான்களெல்லாம். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, ஃபில்டரை எடுத்து மாட்டினாள்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அவங்க முன்னாடி சொல்லு," என்றாள். "இப்ப உதை."

அவன் கால் உதைக்கிற நிலையில் இல்லை. அவளே ஏறி உதைத்தாள். பதினாலாவது உதையில் இருமியது. பதினெட்டாவது உதையில் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது. அந்தச் சத்தத்தில் தாழைக்குள்ளிருந்து கறுப்புக் காக்கட்டூப் பறவைகள் கூட்டமாகக் கிளம்பின. நோலீன் ஆக்சிலேட்டரைத் திருகிப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

முக்கில் லிண்ட்சே நின்றுகொண்டிருந்தான். மரத்தடியில்தான் நின்றிருந்தான் போலிருக்கிறது, கழுத்தெல்லாம் தடித்திருந்தது. அந்த வழியாகப் போன மூன்று ஜீப்காரர்கள் அவனிடம், வழி தெரியாமல் நிற்கிறீர்களா தாத்தா, உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். தூசிக்குள்ளிருந்து இரண்டு விளக்கு வருவதைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றினான். முதலில் நோலீனைப் பார்த்தான். பிறகு பின்னால் வருகிற டல்லாஸை, அவன் ஈரத்தை, வீங்கின காலைப் பார்த்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சட்டப்படி கடைசி ஆளுக்கு முன்னால் கிளம்பினான்.

படகுத்துறைக்கு வந்தபோது ஐந்தேகால். படகு இக்கரையிலேயே நின்றது. அதை ஓட்டுகிறவன் எலையாவுக்கு ஏதோ வழியில் மச்சான் முறை. ஒரு கல்யாணத்தில் நடந்த சண்டையைப் பற்றி நாலே முக்காலுக்கு எலையா ஆரம்பித்த கதை இன்னும் முடியவில்லை. யார் யாரை அடித்தார்கள் என்று தெரியாமல் படகுக்காரனால் படகை எடுக்க முடியவில்லை. ப்ரூவும் அண்ணன் தம்பியும் சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டீங்களா ஆன்ட்டி," என்றான் எலையா. "இன்னும் ரெண்டு பேரைக் கதைக்குள்ள இறக்க வேண்டியிருக்கும்னு நெனச்சேன்."

ஆறு பைக்கும் ட்ரக்கும் ஏறின படகில், ஆற்றைக் கடக்க ஆகிற நாலு நிமிஷத்தில், டல்லாஸ் எல்லோர் முன்னாலும் சொன்னான். சுற்றி வளைக்காமல், ஓடையில் சொன்ன அதே வார்த்தைகளில். வெர்னும் கிளைடும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லிண்ட்சே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான்.

"போன வருஷம் உனக்குச் சொல்லாமப் போனது என் முடிவு," என்றான் கடைசியில். "தப்பு."

மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வராது. நோலீன் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

அன்றைக்குப் பமாகாவில் எலையாவின் அம்மா மண்ணுக்குள் சுட்ட மீனும் தேங்காய்ப்பால் விட்ட பூசணியும் போட்டாள். நோலீன் மூன்று தட்டு சாப்பிட்டாள். மறுநாள் காலை, இன்றைக்கு யார் யாருக்கு எந்த இடம் என்று லிண்ட்சே சொல்ல ஆரம்பித்தபோது டல்லாஸ் குறுக்கிட்டான். கணுக்காலில் ப்ரூ போட்ட கட்டோடு பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான்.

"முனை வரைக்கும் எல்லா முக்கும் நோலீனுக்கு. வேற யாரு நின்னாலும் நான் கடைசியா வர மாட்டேன்."

ஆறு முக்கு இருந்தது. ஒவ்வொன்றிலும் அவள் நின்றாள், எல்லோரும் போனார்கள், டல்லாஸ் வந்தான், அவனுக்கு முன்னால் கிளம்பி, மழைக்காட்டின் இருட்டுக்குள் ஒவ்வொருவராக முந்திக்கொண்டு மறுபடி லிண்ட்சேக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தாள். அவள் முந்த வரும்போது ஒவ்வொருவரும் ஓரம் ஒதுங்கி வழி விட்டார்கள். கிளைட் ஒருமுறை எழுந்து நின்று சல்யூட் அடித்து, புதருக்குள் போக இருந்தான்.

பாதை முடிந்த இடத்தில் பைக்குகளை விட்டுவிட்டுப் பாறை மேல் ஏறினார்கள். டல்லாஸை வெர்னும் கிளைடும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு வந்தார்கள். உச்சியில் காற்று ஆளைத் தூக்கியது. மூன்று பக்கமும் கடல், பச்சையும் நீலமுமாக, வெயிலில் கொதித்துக்கொண்டு.

அங்கே முன்னமே வந்திருந்த ஒருவர், கேமராவைக் கொடுங்கள், நான் எடுக்கிறேன் என்றார். ட்ரக்கைப் பூட்டிவிட்டு எலையாவும் ஓடி வந்து சேர்ந்துகொண்டான். அந்த மனிதர் கேமராவைக் கண்ணில் வைத்தபடி கேட்டார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

லிண்ட்சே நோலீன் பக்கம் திரும்பினான். டல்லாஸும் திரும்பினான். பிறகு எல்லோரும் திரும்பினார்கள்.

நோலீன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணினாள்.

"வந்தாச்சு," என்றாள். "எடுங்க."